மரக்கால், கணக்குப்பெட்டி, கெண்டி: நற்செய்தி நாடகத்துக்குக் காரைக்குடிப் பழம்பொருள் கடைவீதி எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தேக்குக் கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் என்று வீட்டு அலங்காரத்தோடு நிறுத்திவிடுவார்கள். இந்த மதிப்புரை வேறு ஒருவருக்காக: ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறவர், விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நாடகம் பழக்குகிறவர், பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவச் சமூகத்தின்) இளையோரை வைத்து இயேசுவின் உவமைகளை மேடையேற்றுகிறவர். அவர் இந்தத் தெருவில் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, எடுத்ததை வைத்து என்ன கற்பிக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உவமை நாடகங்களுக்கு இதைவிட நல்ல பொருள் அறை இந்த வட்டாரத்தில் இல்லை. இயேசுவின் பாடுகளையும் சாவையும் காட்டும் நாடகத்துக்கு, அதாவது பாஸ்காவுக்கு, இங்கே வாங்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வாங்கினால் ஆபத்தும் உண்டு.

தெர்மாகோல் குடத்தைத் தூக்கும் பிள்ளையின் தோளையும் பித்தளைக் குடத்தைத் தூக்கும் பிள்ளையின் தோளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது கனத்தை நடிக்க வேண்டும். பின்னதற்கு நடிப்பே தேவையில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நம்பிக்கையைக் கற்பிக்கும்போது இது சின்ன விஷயம் அல்ல. கையில் பொய்யான பொருள் இருந்தால் குரலும் பொய்யாகிவிடும், வசனம் ஒப்பிப்பாகிவிடும். உண்மையான பொருளைக் கையில் கொடுத்தால் அவர்களாகவே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்: இதில் எவ்வளவு பிடிக்கும், யார் இதைத் தூக்கியிருப்பார்கள், இயேசு ஏன் இதைச் சொன்னார். அந்தக் கேள்விகள் வரும் இடத்தில்தான் மறைக்கல்வி நடக்கிறது. அதனால் எழுதிய நாடகத்துக்குப் பொருள் தேடாதீர்கள். பொருளை எடுத்து வந்து வட்டமாக உட்கார்ந்து, நற்செய்திப் பகுதியை மூன்று முறை வாசித்து, அதற்குப் பிறகு வசனம் எழுதுங்கள்.

இனி தெரு. பாகப்பிரிவினையாலும், பராமரிக்க முடியாமல் இடிபட்டதாலும் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியே வந்த பொருள்கள்தான் இங்கே குவிந்திருக்கின்றன. விலைச்சீட்டை எதிர்பார்க்காதீர்கள். சாதாரணப் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களுக்கு எடைக்கணக்கில் விலை பேசுங்கள். வேலைப்பாடு உள்ளவற்றுக்கு உருப்படிக் கணக்கு. நாடகத்துக்கு வேலைப்பாடு வேண்டாம், மூன்றாம் வரிசைக்கு அப்பால் அது தெரியாது. கிளம்பும் முன் ஒரு பாத்திரக்கடையில் பழைய பித்தளை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேரத்துக்கு அந்த எண் போதும். வாங்க வசதியில்லாத பங்குகள் முன்பணம் கட்டி எடுத்துத் திருப்பித் தரலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள், கேட்பதில் தவறில்லை.

காலை வெளிச்சத்தில் போங்கள். கடைகளின் உள்பக்கம் இருட்டாக இருக்கும். மஞ்சள் விளக்கில் பித்தளையும் வெண்கலமும் ஒன்றுபோலத் தெரியும். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் நீளமாக நாதம் விடும், பித்தளை சீக்கிரம் அடங்கும், விரிசல் விட்டது எதுவானாலும் சத்தென்று ஒலிக்கும். ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். ஒட்டினால் அது இரும்பின் மேல் முலாம். பழசாகக் காட்ட அமிலம் தடவிய புதுச் சாமானும் எல்லா ஊரிலும் உண்டு. உண்மையான பழசில் கை படும் இடம், அடிப்பாகம், விளிம்பு ஆகியவை மட்டும் தேய்ந்திருக்கும்; போலியில் எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருக்கும். தண்ணீர் பிடிக்க வேண்டிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இளையோரைக் கூட்டிப் போவதானால் மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு நற்செய்திப் பகுதியைக் கொடுத்து, அதில் வரும் பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். “அண்ணே, இது எதுக்குப் பயன்பட்டது?” என்று கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். பல வருடம் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பதில் ஒரு மணி நேர வகுப்புக்குச் சமம்.

இந்தத் தெருவின் சிறந்த உருப்படி எது என்று கேட்டால், யோசிக்காமல் மரக்கால் என்போம். விளக்கை ஏற்றி யாரும் மரக்காலால் மூடுவதில்லை என்ற வசனத்தை (மத்தேயு 5:15) தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அவர்களில் மரக்காலைக் கண்ணால் பார்த்தவர்கள் சிலரே. மர ஸ்டூல் என்றும் மரத்தால் செய்த கால் என்றும் நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. நெல் அளக்கும் மரக்காலைக் கொண்டுவந்து நடுவில் வைத்த கணமே பாதி விளக்கம் முடிந்துவிடுகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ரோமானியரின் தானிய அளவையைக் குறிப்பது. ஏறக்குறைய 9 லிட்டர் கொள்ளும். நம் மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்றாலும் பொருளின் தன்மை ஒன்றேதான்: அன்றாடம் வீட்டில் புழங்கும் அளவை. மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு சரியான சொல்லைப் பிடித்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் மகிழ்ச்சியோடு சொல்லுங்கள்.

செய்முறை இது. சமமான தரையில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையானால் இன்னும் நல்லது, ஓர் அகலை ஏற்றி வையுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு மரக்காலைக் கவிழ்த்து மூடுங்கள். அப்படியே காத்திருந்து திறந்தால் தீபம் அணைந்திருக்கும். மறைத்து வைத்தால் வெளிச்சம் வெளியே தெரியாது என்று மட்டும்தான் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். மூடிய விளக்கு காற்றில்லாமல் செத்துப்போகிறது என்பதைத் திறந்து பார்க்கும்போதுதான் அறிவார்கள். அந்த இடத்தில் யாரும் விளக்கவுரை ஆற்ற வேண்டாம். ஒரு நிமிடம் சும்மா இருங்கள். இது பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: விளிம்பு நெளிந்த மரக்கால். அடியில் காற்று புகுந்து தீபம் எரிந்துகொண்டே இருக்கும். எனவே வாங்கும்போதே கவிழ்த்து வைத்து, தரையோடு படிகிறதா என்று பாருங்கள். மரத்தால் ஆன மரக்காலென்றால் திரியை மிகச் சிறியதாக வையுங்கள். வண்டு துளைத்த ஓட்டையிலிருந்து பொடி உதிர்கிறதா என்றும் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே மரக்கால் லூக்கா 6:38க்கும் உதவும். அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி அளப்பது என்பதைச் சொல்லாமல் செய்து காட்டுங்கள். முதலில் ஒருவர் நெல்லை மேலாக அள்ளிப் போட்டுத் தலைதட்டி அளக்கட்டும். அடுத்தவர் போட்டு, குலுக்கி, அமுக்கி, மறுபடி போட்டு, கும்பம் கட்டி வழியவிடட்டும். இரண்டையும் தனித்தனித் துணியில் கொட்டினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். உப்பு, அரிசி, மணல் எதுவும் வேண்டாம். நெல்தான் குலுக்கும்போது நன்றாக இறங்கும். அரிசி இறங்குவது குறைவு. மைக்கை மரக்காலுக்குப் பக்கத்தில் வைத்தால் நெல் விழும் சத்தமே பின்னணி இசையாகிவிடும்.

அடுத்தது கணக்குப்பிள்ளைப் பெட்டி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவதற்கான, மூடி சாய்வாக உள்ள மரப்பெட்டி. கடனும் வட்டியும் கொண்டுவிற்பும் (கடல்கடந்து போய் நடத்திய வட்டித்தொழில்) என்னவென்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மன்னிக்க மறுத்த பணியாளர் உவமையை (மத்தேயு 18:23-35) செட்டிநாட்டுப் பிள்ளைகள் நடித்தால் அது அவர்கள் வீட்டுக் கதைபோல வரும், சரியாகப் பழக்கினால்.

சரியாகப் பழக்குவது என்றால் முதலில் எண்களை விளங்கவைப்பது. பத்தாயிரம் தாலந்து, நூறு தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆக, முதல் கடன் 6 கோடி நாள் கூலி. ஒருநாள் விடாமல் உழைத்தாலும் 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இரண்டாவது கடன் 100 நாள் கூலி. முதலாவது இதைப்போல 6 லட்சம் மடங்கு. இதை மேடையில் காட்ட ஒரு வழி உண்டு: இரண்டாவது கடனை ஒரே ஒரு தாளாக வைத்தால், முதல் கடன் 6 லட்சம் தாள். சாதாரண எழுதுதாள் 0.1 மில்லிமீட்டர் கனம் என்று கொண்டால் அந்த அடுக்கு 60 மீட்டர் உயரம். ஒரு பிள்ளை அந்த ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொரு பிள்ளை கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். வசனமே வேண்டாம்.

பெரும்பாலான குழுக்கள் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில். முதல் காட்சியில் பணியாளர் காலில் விழுந்து கெஞ்சுவதை உருக்கமாகப் பழக்குவார்கள். இரண்டாவது காட்சியில் உடன்பணியாளர் கெஞ்சுவதை இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள், கழுத்தை நெரிக்கும் காட்சிதான் பரபரப்பானது என்பதால். பாடத்தைப் பாருங்கள்: 26ஆம் வசனத்தின் கெஞ்சலும் 29ஆம் வசனத்தின் கெஞ்சலும் ஏறக்குறைய ஒரே சொற்கள். எழுதியவர் தெரிந்தே செய்தது. எனவே இரண்டு கெஞ்சலும் ஒரே இடத்தில், அதே பெட்டிக்கு முன்னால், அதே முழங்காலில், அதே குரலில் நடக்க வேண்டும். மாறுவது ஒன்றுதான்: பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். சற்றுமுன் முன்னால் விழுந்து கிடந்தவர் இப்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பார்வையாளர்கள் அதே வார்த்தைகளைக் காதால் அடையாளம் கண்டுகொள்வார்கள். மூச்சு நின்றதுபோல ஓர் அமைதி வரும். இதற்காகவே பெட்டி உண்மையானதாக, ஒருவரால் தூக்க முடியாத கனத்தில் இருக்க வேண்டும். காட்சிக்கு நடுவே அதை நகர்த்தாதீர்கள்.

பெட்டி வாங்கும்போது கீலையும் மூடியின் தாங்குகட்டையையும் பாருங்கள். மூடி சட்டென்று விழுந்தால் பிள்ளைகளின் விரல் நசுங்கும். உள்ளே பழைய கணக்கு நோட்டோ கடிதமோ இருந்தால் எடுத்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். அது ஒரு குடும்பத்தின் கணக்கு. மேடையில் வாசிக்க நமக்கு உரிமை இல்லை.

இதே மரியாதையைப் பாத்திரங்களுக்கும் கொடுக்க வேண்டும். பல பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருக்கும், அந்த வீட்டின் முன்னெழுத்துகள். ஓர் ஆச்சியின் கல்யாணச் சீராக வந்த சாமான் அது. வெட்டெழுத்து பார்வையாளர் பக்கம் திரும்பாமல் வையுங்கள், ராவி அழிக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் அது யாரோ ஒருவருடைய வாழ்க்கை என்று சொல்லிக் கொடுங்கள்.

காசுகளில் ஒரு நுட்பம் உண்டு. சீசருக்கு வரி கொடுக்கலாமா என்ற பகுதிக்கு (லூக்கா 20:20-26), உருவமும் எழுத்தும் உள்ள காசு வேண்டும். கேள்வியே அதைப் பற்றியதுதான். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட செப்புக் காலணா இதற்குப் பொருத்தம். ஒரு பிள்ளை கையில் வாங்கி, யாருடைய தலை, என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது வரலாறும் நற்செய்தியும் ஒன்றாக உள்ளே போகும். ஓட்டைக் காலணா அழகாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். 1943 முதல் 1947 வரை அடித்த அந்தக் காசில் கிரீடம் உண்டு, தலை கிடையாது; காட்சியின் உயிரே போய்விடும். அந்த ஓட்டைக் காசு காணாமற்போன திராக்மா உவமைக்கு (லூக்கா 15:8-10) பயன்படும். பத்துக் காசைக் கயிற்றில் கோத்து, கயிறு அவிழ்ந்து ஒன்று உருண்டு ஓடுவதாகத் தொடங்கலாம். வெள்ளி ரூபாய் பக்கம் போக வேண்டாம், போலிகள் அதிகம். இன்னொன்று: காசு மேடைப் பொருள் அல்ல. அது வகுப்பறைப் பொருள். 20 பேர் வட்டமாக உட்கார்ந்து கை மாற்றிப் பார்க்கும்போதுதான் அதற்கு மதிப்பு.

தண்ணீர்ச் சாமான்களில் முதலிடம் கெண்டிக்கு, அதாவது மூக்கு வைத்த செம்புக்கு. பாதம் கழுவும் காட்சியில் (யோவான் 13) செம்பால் ஊற்றினால் தண்ணீர் கொட்டும். கெண்டியின் மூக்கு வழியாக ஊற்றினால் நூல்போல இறங்கும், சத்தமும் கேட்கும். கீழே வைக்கும் பாத்திரம் குறைந்தது 5 அங்குல ஆழம் வேண்டும். தாம்பாளம் வேண்டாம், இரண்டாவது சீடரின் காலுக்கே வழிந்துவிடும். பன்னிரண்டு பேரையும் கழுவினால் பார்வையாளர் கவனம் கலையும். மூன்று பேர், நான்காவதாகப் பேதுரு, அவரோடு வாக்குவாதம், அத்துடன் விளக்கை இறக்கிவிடலாம். ஈரமான ஆத்தங்குடிக் கல் வழுக்கும். கீழே கோணி, அதன் மேல் பருத்தித் துண்டு விரியுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. அகன்ற வாய், குறுகிய கழுத்து, உருண்ட வயிறு என்று பார்க்க மிக அழகான ஒரு பித்தளைச் சாமான் நிறையக் கடைகளில் இருக்கும். இளையோர் அதைத்தான் இராவுணவுக் கிண்ணமாகவோ பாதம் கழுவும் பாத்திரமாகவோ எடுத்து நீட்டுவார்கள். அது படிக்கம். வெற்றிலை எச்சில் துப்புவதற்கானது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள். நாடகத்தின் மிகப் புனிதமான நேரத்தில் முகம் சுளிக்கும்படி ஆகிவிடும்.

கானா ஊர்த் திருமணத்துக்கு (யோவான் 2) ஊறுகாய் ஜாடி ஆறு வாங்கி அடுக்க வேண்டாம். பாடத்தில் உள்ளவை கல்சாடிகள், ஒவ்வொன்றும் 80 முதல் 120 லிட்டர் கொள்ளக்கூடியவை. பளபளப்பான சீனாக் களிமண் ஜாடி அளவிலும் தவறு, பொருளிலும் தவறு. ஒரே ஒரு பெரிய அண்டாவும் இரண்டு குடமும் போதும். 15 லிட்டர் குடத்தில் சுமந்தால் ஆறு சாடிக்கும் சேர்த்து ஏறக்குறைய 40 நடை ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்த பாட்டிகள் இன்னும் இருக்கும் ஊர்கள் இவை. விளிம்பு வரை நிரப்பினார்கள் என்ற ஒரு வரிக்குள் பணியாளர்களின் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் ஒரு குடம் சுமந்து பார்த்தே தெரிந்துகொள்ளட்டும். நிறைகுடம் 15 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரைக்குடம்.

திரிகை வாங்கலாம். ஆனால் எந்தப் பகுதிக்கு என்று தெரிந்து வாங்குங்கள். இரண்டு பெண்கள் மாவரைக்கும் பகுதிக்கு (லூக்கா 17:35) அது சரியானது. சிறியோரை இடறச் செய்பவர் கழுத்தில் கட்டும் எந்திரக்கல் (மத்தேயு 18:6) வேறு. மூலச்சொல் கழுதை கட்டிச் சுற்றும் பெரிய கல்லைக் குறிக்கிறது. கைத்திரிகையைக் காட்டினால் எச்சரிக்கையின் கனம் குறைந்துபோகும்.

பத்துக் கன்னியர் உவமைக்கு இந்தத் தெரு உதவாது. ஒரே மாதிரி பத்துக் கைவிளக்கு கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. குயவரிடம் அகல் வாங்குங்கள். இங்கிருந்து எடுக்க வேண்டியது எண்ணெய் வைக்கும் சின்னத் தூக்குகள் ஐந்து, ஐந்தும் வெவ்வேறு வடிவில் இருந்தால் நல்லது. அறிவிலிகள் தூங்கினார்கள், முன்மதி உடையவர்கள் விழித்திருந்தார்கள் என்று நடிப்பது வழக்கமாகிவிட்ட பிழை. பத்துப் பேருமே தூங்கினார்கள் (மத்தேயு 25:5). வேறுபாடு விழிப்பில் இல்லை, கையிருப்பு எண்ணெயில் இருக்கிறது. நைலான் தாவணியோடு யாரையும் தீபத்தின் பக்கம் விடாதீர்கள்; பருத்தி மட்டும், தலைமுடி கட்டியிருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு வாளி மணல்.

பேதுருவுக்குச் சாவி தேடுகிறவர்கள் கைநீளமுள்ள பழைய இரும்புச் சாவிகளைப் பாருங்கள். ஒன்று போதாது, பாடத்தில் திறவுகோல்கள் என்று பன்மை.

கடைவீதியை விட்டு வெளியே வந்தால் இன்னும் இரண்டு பொருள். ஒன்று ஓலைப்பின்னல். ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபின் 12 கூடை, நாலாயிரம் பேருக்குப் பின் 7 கூடை. இரண்டுக்கும் நற்செய்தியில் வேறு வேறு சொல். இரண்டாவது சொல் பெரிய கூடையைக் குறிக்கிறது, பவுலை மதிலிலிருந்து இறக்கியதாகச் சொல்லப்படும் கூடைக்கும் அதே சொல்தான் (திருத்தூதர் பணிகள் 9:25). முன்னதற்குக் கொட்டான் என்ற சிறிய ஓலைப்பெட்டி, பின்னதற்குக் கடகம் என்ற பெரிய ஓலைக்கூடை. மாற்கு 8:19-20இல் இயேசு இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதைப் பிள்ளைகள் அப்போதுதான் கவனிப்பார்கள். மற்றது கண்டாங்கி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கைத்தறிச் சேலை. அகலக் கரையும் கட்டமும் கடைசி வரிசை வரை தெரியும். பருத்தியின் கனத்தால் மின்விசிறிக் காற்றில் பறக்காது. காசு தேடும் பெண்ணுக்கும், நடுவரை விடாமல் தொந்தரவு செய்யும் கைம்பெண்ணுக்கும் சாட்டின் அங்கியைவிட இது ஆயிரம் மடங்கு மேல். இப்படி நம் சாமானையும் சேலையையும் நற்செய்திக்குள் கொண்டுவருவது பாலஸ்தீனத்தை மறைப்பதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. சூசையப்பரின் கதையைத் தமிழ்க் காப்பிய மரபில் 3,615 பாடல்களில் பாடிய வீரமாமுனிவரும், பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் வைத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் எழுதிவிட்டார்கள். வரலாற்றுத் தகவலில் பிழை வராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

இனி வாங்கக் கூடாதவை. பழைய வீட்டிலிருந்து பிடுங்கிய ஆறங்குல ஆணிகள் சிலுவைக் காட்சிக்கு மிகப் பொருத்தமாகத் தெரியும். துருப்பிடித்த ஆணி ஒரு கீறல் போட்டாலும் ஊசி போட வேண்டிவரும். மரக்குச்சியைச் சீவிக் கறுப்பு அடித்துக்கொள்ளுங்கள். சுத்தியல் ஓசையைத் திரைக்குப் பின்னால் கட்டையில் எழுப்பலாம். முள்முடிக்கு வேலியோரத்துச் சீமைக்கருவேல முள்ளைத் தொடவே தொடாதீர்கள், குத்தினால் வீங்கும், கண் பக்கத்தில் பெரும் ஆபத்து. தென்னங்கயிற்றை முறுக்கி, நுனி மழுக்கிய வேப்பங்குச்சிகளைச் செருகினால் போதும். சிலுவைக்குத் தேக்கு உத்தரம் கேட்காதீர்கள். ஒட்டுப்பலகையில் உள்ளே வெற்றிடமாகச் செய்த சிலுவை, காலுக்கு உறுதியான மிதிகட்டை, இடுப்புத் துணிக்குள் மறைந்த பட்டை, கைக்குச் சும்மா ஒரு வளையம். உடல் எடை கையில் தொங்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குமேல் யாரையும் மேலே வைக்காதீர்கள். மயக்கம் வரும்.

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று மறைசாட்சியாக இறந்த அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ என்ற குரு) வரலாற்றை இந்தப் பகுதிப் பங்குகள் நடிக்கும்போது வாளும் அரிவாளும் தேடுவார்கள். உலோகக் கத்தி எதுவும் வேண்டாம். வெட்டும் காட்சியே தேவையில்லை. அவர் இரத்தத்தால் சிவந்ததாக மக்கள் நம்பும் ஓரியூர் மண்ணை நினைவூட்டும் செம்மண் ஒரு கைப்பிடி மேடையில் விழுந்தால் இங்குள்ள மக்களுக்கு அது போதும்.

சாமி சிலைகளை எந்தக் காட்சிக்காகவும் எடுக்காதீர்கள். பவுல் ஏதென்சில் பேசும் காட்சிக்கு ஒரு சிலை வைக்கலாமே என்று தோன்றும். அது அக்கம்பக்கத்து மக்கள் கும்பிடும் உருவம், அவர்கள் மனம் புண்படும். நூறாண்டு கடந்த சிலைகளுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் உண்டு. கஜலட்சுமி உருவம் உள்ள காமாட்சி விளக்கும் இதே கணக்குதான். வெறும் கைவிளக்கு எடுங்கள். நம் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: திருப்பலியில் பயன்படும் திருக்கிண்ணத்தையும் தட்டையும் நாடகத்துக்கு எடுக்கக் கூடாது. திருச்சபைச் சட்டம் 1171 புனிதப் பொருள்களை வேறு பயன்பாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. இராவுணவுக் காட்சியில் குருவின் கைச்சைகைகளைப் பிள்ளைகள் அப்படியே செய்வதற்கு முன்னும் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்சிக்கு இந்தத் தெருவின் வெண்கலக் கிண்ணம் ஒன்று எடுத்தால், அதில் திராட்சைச் சாறு ஊற்றிக் குடிக்கப் போகிறீர்களா என்று முடிவு செய்யுங்கள். புளிப்பு பட்டால் பித்தளையிலும் வெண்கலத்திலும் களிம்பு ஏறும், வயிற்றைக் கெடுக்கும். ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து உள்பக்கம் பூசி வாங்குங்கள், அல்லது உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளரை மறைத்து வையுங்கள். வெளிப்பக்கத்தைப் புளியும் உப்பும் போட்டுப் பளிச்சென்று தேய்க்க வேண்டாம். எல்.ஈ.டி விளக்கில் கண்ணைக் கூசும், நடிப்பவர் முகம் தெரியாது. ஈரத்துணியால் தூசி துடைத்தால் போதும்.

நாடகம் முடிந்ததும் பாத்திரங்களில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஒரு நோட்டில் பொருள், எடை, எந்தப் பகுதிக்குப் பயன்பட்டது என்று எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் மழைக்காலத்தில் பச்சை பூக்கும்.

பங்கில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் மரக்காலை வாங்குங்கள். விளக்கு உவமை, அளவைப் பற்றிய போதனை இரண்டும் நேரடியாக வரும். கவிழ்த்துப் போட்டால் கணக்குப்பெட்டிக்குப் பதில் நிற்கும், விதைப்பவர் கையில் விதைகூடையாகும். சிறிய வட்டாரக் குழுக்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். தலைதட்டும் கோல் உடன் இருந்தால் அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள், தனியாகப் பிறகு கிடைக்காது.